கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்களே, ஒப்பந்ததாரரின் சான்றிதழை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், தேவிபட்டினம் என்று நம் இராமநாதபுரம் கடலோரத்தில் இப்போது அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருப்பவர்களும், வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்பி ஊரில் வீடு எழுப்புகிறவர்களும் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். 2022இல் நாங்கள் குடிபோன வீட்டின் மேல்தளத்தில் கம்பி இப்போதே துருப்பிடித்து, கான்கிரீட் உதிர்கிறது. கட்டியவர் தன்னை ‘அரசு லைசென்ஸ் பெற்ற காண்ட்ராக்டர்’ என்று அறிமுகம் செய்துகொண்டவர். வழக்கு நடப்பதால் அவர் பெயரை எழுதவில்லை. அவர் செய்ததை எழுதுகிறேன். அதையே செய்கிறவர்கள் இந்தக் கரையில் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

முதலில் அந்த லைசென்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் கத்தாரில் இருக்கிறார். அவருடைய தம்பி கலிபோர்னியாவில் இருக்கிறார். “அண்ணி, லைசென்ஸ் இருக்கிறவரிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள்” என்று தம்பி திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் இருக்கும் இடத்தில் அது சரியான அறிவுரை. கலிபோர்னியாவில் வீடு கட்டும் ஒப்பந்ததாரர் மாநில வாரியத்தின் உரிமம் பெற வேண்டும், 25,000 டாலருக்குப் பிணைப் பத்திரம் வைத்திருக்க வேண்டும், அவருடைய உரிம எண்ணை யார் வேண்டுமானாலும் இணையத்தில் சரிபார்க்கலாம். தமிழ்நாட்டில் தனி வீடு கட்டும் ஒப்பந்ததாரருக்கு அப்படியொரு தேர்வும் இல்லை, பிணையும் இல்லை.

எங்களிடம் வந்தவர் பிளாஸ்டிக் உறை போட்ட மூன்று சான்றிதழ்களை மேசையில் பரப்பினார். ஒன்று பொதுப்பணித்துறையில் பதிவு செய்த சான்று. அது அரசாங்க வேலைக்கு டெண்டர் போடுவதற்கான தகுதி. எவ்வளவு தொகை வரையுள்ள வேலையை எடுக்கலாம் என்று வகுப்பு பிரித்துத் தருவார்கள். உங்கள் வீட்டுத் தளத்தின் தரத்துக்கு அது பொறுப்பேற்காது. எங்களிடம் காட்டிய சான்று காலாவதியானது என்பதும், அது அவருடைய மைத்துனர் பெயரில் இருந்தது என்பதும் பிறகு வெளிவந்தன. இரண்டாவது ஜிஎஸ்டி பதிவு, வரி கட்டுவதற்கானது. மூன்றாவது சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு. சுயமாக அறிவித்து, கட்டணமில்லாமல், வீட்டிலிருந்தபடியே யாரும் பெற்றுவிடலாம். கட்டட அனுமதியைக் காட்டினாலும் இதே கதைதான். 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. மக்களுக்கு நல்ல வசதி. ஆனால் அந்த அனுமதி வரைபடத்துக்குத்தான். கான்கிரீட்டில் எந்தத் தண்ணீரை ஊற்றினார்கள் என்று பார்க்க எந்த அதிகாரியும் வரமாட்டார்.

நம் ஊரில் வீட்டைக் கொல்வது அந்தத் தண்ணீர்தான்.

பாம்பன் பழைய ரயில் பாலத்தை உப்புக் காற்று எப்படி அரித்தது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் சிறப்புப் பூச்சும் தேவைப்பட்டன. அதே காற்றில்தான் நம் வீடுகளும் நிற்கின்றன. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456, கடலோரச் சூழலைக் ‘கடுமையானது’ என்று வகைப்படுத்துகிறது. அங்கே குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட் போட வேண்டும். கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். கம்பி போட்ட கான்கிரீட்டில் ஊற்றும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது. மதுரையில் கட்டுகிற மாதிரி இங்கே கட்ட முடியாது என்பதே இதன் பொருள்.

எங்கள் போர் தண்ணீர் சவர். வாயில் வைக்க முடியாது. அதனால்தான் ஒப்பந்தத்திலேயே ‘கலவைக்கும், தளத்தை நனைத்து வைக்கும் கியூரிங்குக்கும் டேங்கரில் நல்ல தண்ணீர்’ என்று எழுதி வாங்கினோம். பொருளுடன் சதுர அடிக்கு 2,100 ரூபாய், தண்ணீருக்குத் தனித் தொகை. நான் போகும்போதெல்லாம் டேங்கர் நின்றது. நான் திரும்பியதும் மோட்டாரைப் போட்டு போர் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பியிருக்கிறார்கள். அங்கே வேலை செய்த சித்தாள் ஒருவர், நாங்கள் வழக்குப் போட்டிருக்கும் நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்த வாக்குமூலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். தளம் போட்ட பிறகு அதன்மேல் பாத்தி கட்டித் தேக்கி வைத்ததும் அதே சவர் தண்ணீர்தான். அந்தப் போர் தண்ணீரைப் பிறகு பரிசோதனைக்குக் கொடுத்தோம். அனுமதித்த அளவைப் போல ஐந்து மடங்குக்கு மேல் குளோரைடு இருந்தது.

மணலிலும் கைவைத்தார். எம்-சாண்ட் என்று ரசீது கொடுத்துவிட்டு, பாதிக்குப் பாதி கடலோர மணலைக் கலந்திருக்கிறார். உடைந்து விழுந்த கான்கிரீட்டில் சிப்பித் துண்டுகள் கண்ணுக்கே தெரிகின்றன. கம்பியைத் தூக்கிப் பிடிக்க அதற்கு அடியில் வைக்க வேண்டிய கவர் பிளாக்குகள் சுவரோரம் குவியலாகக் கிடந்தன. நாங்கள் பார்ப்பதற்காகவே அவை அங்கே கிடந்திருக்கின்றன. உள்ளே வைத்தவை ஜல்லித் துண்டுகள். இராமநாதபுரத்திலிருந்து வந்த பொறியாளர் கருவியை வைத்து அளந்தபோது பல இடங்களில் கம்பிக்குக் கீழே 15 மில்லிமீட்டர்கூட இல்லை.

2024 வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு முதலில் தெரிந்தது ஒரு பழுப்புக் கோடு. கம்பி ஓடும் பாதையிலேயே நேராக ஓடியது. அடுத்து, தட்டினால் தளம் வெற்றுச் சத்தம் கொடுத்தது. அதற்கடுத்து என் மகள் தூங்கும் கட்டிலுக்கு மேல் காரை பெயர்ந்து விழுந்தது. குழந்தை அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் கை நடுங்குகிறது. குளோரைடு கம்பியைத் தொட்டால், கான்கிரீட் அதற்குக் கொடுக்கும் காப்பு உடைகிறது. துரு கம்பியைவிட அதிக இடம் கேட்கும், பருத்துக்கொண்டே போய்க் கான்கிரீட்டைப் பிளக்கும். உப்பு கலவைக்குள்ளேயே இருந்தால் வெளியே என்ன பூசினாலும் அது நிற்காது.

கூப்பிட்டபோது ஒப்பந்ததாரர் சொன்ன பதில்: “கடல் காற்று அக்கா, யார் கட்டினாலும் இப்படித்தான் ஆகும்.” அப்பட்டமான பொய். எங்கள் தெருவிலேயே 1990களில் கட்டிய வீடு விரிசல் இல்லாமல் நிற்கிறது. அதைக் கட்டிய கொத்தனார் கலவைத் தண்ணீரை மாட்டுவண்டியில் கொண்டுவந்தாராம். பிறகு ஒப்பந்ததாரர், பெயர்ந்த இடத்தில் சிமென்ட் பூசி வண்ணம் அடித்துத் தருவதாகச் சொன்னார். ஒத்துக்கொள்ளாதீர்கள். துரு உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும், நமக்குத் தெரியாது. அதோடு, காலமும் போய்விடும்.

காலம் இங்கே மிக முக்கியம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் ஒரு சேவை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம், ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். உப்பு செய்த வேலை வெளியே தெரிய ஆண்டுகள் ஆகும் என்பது இந்த ஒப்பந்ததாரர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் பழுப்புக் கோடு கண்ணில் பட்ட அன்றே தேதியுடன் படம் எடுங்கள், எழுத்தில் புகார் அனுப்புங்கள், தனிப் பொறியாளரிடம் அறிக்கை வாங்குங்கள். எங்கள் வழக்கு இன்று நிற்பது அந்த அறிக்கையாலும், வங்கி வழியாகக் கொடுத்த பணத்தாலும், ‘டேங்கர் தண்ணீர்’ என்று ஒப்பந்தத்தில் இருக்கும் அந்த ஒரு வரியாலும்தான்.

ஒப்பந்ததாரர் கூட்டிவரும் பொறியாளர் வேண்டாம். எங்கள் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவர் மனையை மிதித்ததே இல்லை. நீங்கள் தனியாகச் சம்பளம் கொடுத்து, தளம் போடும் நாளில் காலை முதல் மாலை வரை நிற்கும் ஒருவரை வையுங்கள். சதுர அடிக் கணக்கில் பார்த்தால் அது சிறிய தொகை. தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். எம்30 என்பது சட்டியால் அளந்து கொட்டும் கலவை அல்ல, எதை எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கணக்கிட்ட கலவை வடிவமைப்பு அறிக்கையைக் கேளுங்கள். தளம் போடும்போதே அதே கான்கிரீட்டில் 150 மில்லிமீட்டர் கனசதுரக் கட்டிகள் வார்த்து, 28ஆம் நாள் ஆய்வகத்தில் நசுக்கி வலிமையைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த முடிவு வராமல் அடுத்த தவணை இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முன்பணத்தைக் குறைவாகவும் கடைசித் தவணையைப் பெரிதாகவும் வையுங்கள். எங்களிடம் அவர் பூச்சு வேலைக்கு முன்பே பத்தில் ஒன்பது பங்கை வாங்கிவிட்டார்.

அதே மனிதர் இப்போது மண்டபம் பக்கம் ஒரு வீட்டில் தளம் போடுவதற்குச் சென்ட்ரிங் பலகை அடித்திருக்கிறார். வீட்டுக்காரரின் அம்மாவை நேரில் பார்த்து, எங்கள் தளத்தின் படங்களையும் பொறியாளரின் அறிக்கையையும் காட்டினேன். தண்ணீர் பரிசோதனை முடிவு கைக்கு வரும் வரை தளம் போடக் கூடாது என்று அவர்கள் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.