ரோல் கேஜ்: போல்ட்டா, வெல்டிங்கா?

பழைய எஸ்டீமை வீட்டு ஷெட்டில் ரேஸ் காராக மாற்றும் பலர், இன்ஜினுக்குச் செலவழித்த பிறகுதான் ரோல் கேஜை, அதாவது கார் கவிழ்ந்தால் உள்ளே இருப்பவரைக் காக்கும் எஃகுக் குழாய்க் கூண்டை, நினைக்கிறார்கள். எனக்கு அது வருத்தம்.

போல்ட் கேஜ் சுலபம், கழற்றவும் முடியும். ஆனால் காரின் தரைத் தகடு மெல்லியது. சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் விதிப்படி, போல்ட்டில் நிற்கும் ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது 3 மி.மீ. தடிமன், 120 சதுர செ.மீ. பரப்புள்ள வலுத்தகடும், எம்8-க்குக் குறையாத மூன்று போல்ட்டுகளும் வேண்டும். வாஷர் மட்டும் போட்டு முறுக்கினால், கார் கவிழும்போது கால் தரையைக் கிழித்துவிடும்.

வெல்டிங் கேஜ் பாடியோடு ஒன்றாகி அதை விறைப்பாக்கும். சஸ்பென்ஷனில் செய்யும் சிறு மாற்றமும் வளைவில் தெரியும். சிக்கல் கூரைப் பக்கம்தான், அங்கே வெல்டிங் டார்ச் எட்டாது. தரையில் ஓட்டை வெட்டி, கேஜைக் கீழே இறக்கி, மேல் மூட்டுகளைச் சுற்றிலும் பற்றவைத்து, அப்புறம் தூக்கி, அந்த ஓட்டைகளை மூடும் பெட்டி வடிவத் தகடுகள் மேல் நிறுத்துவார்கள். பொறுமை வேண்டும். பெட்ரோல் டேங்கை முதலில் இறக்கிவிடுங்கள், பேட்டரியையும் இசியூவையும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) கழற்றுங்கள்.

போட்டிக்கென்றால் வெல்டிங்தான் என் தேர்வு, அதுவும் கைதேர்ந்த வெல்டரிடம். எதுவானாலும் தையலில்லாத எஃகுக் குழாய் வாங்குங்கள். தண்ணீர்க் குழாய் கூடவே கூடாது.