ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே

நேற்று மச்சான் ஒருவன் கேட்டான்: "நீ வச்சிருக்கிற அந்த எஃப்எம் சின்தை நானும் இறக்கட்டா?" யமஹா டிஎக்ஸ்7 என்ற மின்னணு இசைக்கருவியை (சின்தசைசர்) அச்சு அசலாகப் பின்பற்றும் இலவச மென்பொருள். ஓர் அலையால் இன்னோர் அலையை அசைத்து ஒலி உண்டாக்குவதுதான் எஃப்எம். மூன்று வருடமாக என் பழைய லேப்டாப்பில் இருக்கிறது. அலையை உண்டாக்கும் ஆறு ஆப்பரேட்டர், அவற்றை இணைக்கும் 32 அல்காரிதம் எல்லாம் அவனுக்குத் தெரியும். தெரியாதது ஃபீட்பேக் தரும் தலையிடி.

ஆப்பரேட்டர் தன் ஒலியைத் தனக்கே திருப்பி ஊட்டும் அளவு அது. 0 முதல் 7 வரை எட்டே எட்டு நிலை, 1க்கு மேல் ஒவ்வொரு படியிலும் அளவு இரட்டிப்பாகும். கீழ்ப் படிகளில் பெரிதாகத் தெரியாது. எனக்கு வேண்டியதோ திருகோணமலைக் கோணேசர் கோயிலில் கேட்கிற நாதஸ்வரத்தின் சீவாளி அதிர்வு. 6இல் வைத்தால் ஹார்மோனியம் மாதிரி சாது. 7இல் வைத்தால் தகரத்தை உரசிய சத்தம். நான் தேடுவது இரண்டுக்கும் நடுவில், அங்கேதான் படியே இல்லை!

1983இல் வந்த கருவியும் அப்படித்தான். நகல் நேர்மையாக நகலெடுத்திருக்கிறது, அதைத் திட்டவும் முடியவில்லை. இப்போதைய சின்த்கள் பலவற்றில் ஃபீட்பேக் வழுக்கிக்கொண்டு நகரும்.

பிறகு ஒரு குறுக்குவழி பிடிபட்டது. ஃபீட்பேக்கை 7இல் விட்டு, அந்த ஆப்பரேட்டரின் அவுட்புட் லெவலை (வெளிவரும் ஒலியின் அளவு) உச்சமான 99இலிருந்து குறைக்க வேண்டும். எட்டுப் புள்ளி குறைத்தால் ஃபீட்பேக் பாதியாகும், அதாவது 6. ஆகவே 95 ஏறக்குறைய நடு. ஆனால் அடுத்த ஆப்பரேட்டரை அசைக்கப் போகும் மாடுலேஷனும் கூடவே குறைந்து குரல் மங்குகிறது. ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவும்.

இருந்தும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். ஒலியின் ஏற்ற இறக்கத்தை வகுக்கும் என்வலப் இறங்கும்போது ஃபீட்பேக்கும் சேர்ந்து இறங்குவதால், ஊதத் தொடங்கும் நொடியில் ஒரு கடி, அப்புறம் குழைவு. சாம்பிளில் (பதிவுசெய்த ஒலியில்) அது எனக்குக் கிடைத்ததே இல்லை. ஒருநாள் கை தவறி ஆப்பரேட்டரின் அதிர்வெண் விகிதத்தை மேலே தள்ளிவிட்டேன். சுருதி கலைந்து வெறும் இரைச்சல். அட்டாக்கை, அதாவது ஒலி எழும் வேகத்தை, மெதுவாக்கினேன். இரவில் டச்சுக்குடாவில் அலை கரையேறுகிற அதே சத்தம்! ஹெட்போனைக் கழற்றி, வெளியே கேட்கிறதா என்று பார்த்தேன்.

மச்சானுக்கு "இறக்காதே, உன் நேரம்தான் போகும்" என்று அனுப்பிவிட்டேன். அனுப்பிய கையோடு 95ஐ 96 ஆக்கிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் ஹார்மோனியமாகத்தான் இருக்கிறது.