12 இன்ச் விளக்கு குளோப்: பல்பு சரி, காஷ்மீர்தான் தகராறு

எட்டாவது படிக்கும் மகனுக்காக ஆன்லைனில் வாங்கிய, உள்ளே விளக்கு எரியும் பூகோள உருண்டை. முதலில் வந்த குளோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டேன், இரண்டாவது மேசை மேல் இருக்கிறது, இந்த ரிவ்யூ இரண்டுக்கும் சேர்த்து.

முதலாவது சீனத் தயாரிப்பு. ஸ்டாண்டு கனமானது, உள்ளே எல்இடி, சுற்றினால் ஆட்டமே இல்லை. விளம்பரத்தில் ‘சர்வே ஆஃப் இந்தியா (நம் அரசின் நில அளவைத் துறை) வரைபடப்படி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பெட்டியைப் பிரித்தால் காஷ்மீருக்குள் புள்ளிக்கோடு, லடாக்கின் கிழக்கே சீனா வைத்திருக்கும் அக்சாய் சின்னும், அருணாசலமும் சீனாவுக்குப் போட்ட மஞ்சள் நிறத்தில். சர்வே ஆஃப் இந்தியாவோடு ஒத்துப்போகாத வரைபடத்தை இங்கே வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை என்று சட்டம் இருக்கும்போது எந்தத் தைரியத்தில் விற்கிறார்களோ. தயாரிப்பவன் கதை அதைவிடச் சிக்கல்: அருணாசலத்தையும் தைவானையும் சீனாவாகக் காட்டவில்லை என்று சுமார் 30,000 வரைபடங்களை 2019-இல் சீனச் சுங்கத்துறை அழித்தது. ஆக, ஒரே அச்சில் இரண்டு நாட்டுக்கும் குளோப் போடவே முடியாது.

இரண்டாவது உள்ளூர்த் தயாரிப்பு, 1,450 ரூபாய். ஒட்டிய தாள் பசிபிக் பக்கம் லேசாகச் சுருங்கியிருக்கிறது (அங்கே யார் பார்க்கப்போகிறார்கள்), பெயர்கள் பொடி எழுத்து. ஜம்மு காஷ்மீர், லடாக் இரண்டும் முழுசாக இந்தியா, சட்டப்படி கச்சிதம். சிக்கல் இங்கேதான் ஆரம்பித்தது. பையன் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “அப்பா, நமக்கு ஆப்கானிஸ்தான் பக்கத்து நாடா?” என்றான். ஆமாம், நம் அரசுக் கணக்கில் 106 கிலோமீட்டர் எல்லை. குளோப்பில் இரண்டரை மில்லிமீட்டர். ஆனால் அந்த இடம் 1947-48 போருக்குப் பிறகு பாகிஸ்தான் கையில். “அப்போ லாரி காபூலுக்கு நேரா போகாதா?” போகாது. ஆப்கன் சரக்கைத் தன் வழியே வாகா எல்லை வரை வர விட 2010 ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்ட பாகிஸ்தான், நம் சரக்கு அதே வழியில் போக ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் ஈரானில் சபஹார் துறைமுகத்தில் நாம் பணம் போட்டோம், கடல் வழியே சுற்றிக்கொண்டு போக. இந்த இரண்டரை மில்லிமீட்டர் நிஜத்தில் நம் கையில் இருந்திருந்தால் பேச்சே வேறு.

இதே குளோப்பில் குஞ்சராப் கணவாய் இந்தியாவின் எல்லையில் இருக்கிறது. அங்கே ஓடுவதோ சீனாவையும் பாகிஸ்தானையும் இணைக்கும் காரகோரம் நெடுஞ்சாலை. சீன-பாகிஸ்தான் பொருளாதார வழித்தடம் அந்த வழியாகப் போகிறது என்பதுதான் 2017-இல் பெய்ஜிங்கில் நடந்த புதிய பட்டுப்பாதை (பெல்ட் அண்ட் ரோடு) மாநாட்டுக்கு இந்தியா போகாததற்கு முக்கியக் காரணம். குளோப்பை மட்டும் பார்க்கிற பையனுக்கு இந்தச் சண்டை ஏன் என்றே புரியாது. அக்சாய் சின்னை எடுத்துக்கொள்ளுங்கள், 38,000 சதுர கிலோமீட்டர். இந்த உருண்டையில் ஒரு நெல்மணியை வைத்தால் மறைந்துவிடும். அந்த நெல்மணிக்குள் 1957-இல் சீனா ரோடு போட்டு முடித்தது, 1962-இல் போர் வந்தது. 2020 ஜூனில், அதை ஒட்டிய கல்வானில் 20 இந்திய வீரர்கள் இறந்தார்கள், இரண்டு வாரத்தில் டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்குத் தடை. நேரடி விமானம் கொரோனாவில் நின்றது, கல்வானால் திரும்ப ஓடாமலே இருந்து 2025 அக்டோபரில்தான் ஆரம்பித்தது.

என் குறை இதுதான்: காஷ்மீரில் நம் கையில் உள்ளதையும் பாகிஸ்தான் கையில் உள்ளதையும் பிரிக்கும் கட்டுப்பாட்டுக் கோட்டை மெல்லிசாகவாவது போட்டிருக்கலாம். அரசின் வரைபடத்தைத்தான் அச்சடிக்க முடியும் என்பது புரிகிறது, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் நம் உரிமைக் கோரிக்கை எது, தரையில் யார் நிற்கிறார்கள் என்பது கூட வரும் கையேட்டில் ஒரு பக்கமாவது இருக்க வேண்டாமா? கையேட்டில் இருப்பது பல்பு மாற்றும் முறை, அதுவும் தலைகீழாக அச்சாகியிருக்கிறது.

ஐந்துக்கு மூன்று. சீனக் குளோப்பின் ஸ்டாண்டும் இதன் தாளும் சேர்ந்திருந்தால் நாலு கொடுத்திருப்பேன். பையனுக்கு மட்டும் ஒரு பென்சில் கொடுத்து, லே பக்கத்திலிருந்து கோடு போடச் சொல்லியிருக்கிறேன். வழவழப்பான தாள், பென்சில் பிடிக்கவில்லை, மார்க்கர்தான் வாங்க வேண்டும்.