பழைய எடிட்டிங் மென்பொருள், புதிய கம்ப்யூட்டர்: எந்த வழி ஒத்துவரும்?

2012-ல் வந்த அடோபியின் வீடியோ எடிட்டிங் மென்பொருள் பிரீமியர் ப்ரோ சிஎஸ்6-இல் பழகியவர்களுக்கு அதை விட மனம் வராது. மாதச் சந்தா இல்லை, ஷார்ட்கட்டெல்லாம் விரலிலேயே இருக்கும். புதிய கம்ப்யூட்டர் வந்ததும் அதையே விண்டோஸ் 11-இல் போடலாமா, விர்ச்சுவல் மெஷினா (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்), பழைய மெஷினே இருக்கட்டுமா, இல்லை புதிய மென்பொருளுக்கே மாறிவிடலாமா?

நேரடியாகப் போட்டுப் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. சிஎஸ்6 64-பிட் என்பதால் பலருக்கும் திறந்துகொள்கிறது. ஆனால் புது மெஷினின் வேகம் அதற்குப் போய்ச் சேராது. இன்றைய கிராபிக்ஸ் கார்டில் எச்.264, எச்இவிசி என்ற இன்றைய சுருக்க முறைகளில் உள்ள வீடியோவுக்கென்றே தனிப் பகுதி உண்டு; சிஎஸ்6 அதைத் தொடுவதில்லை. என்விடியா கார்டால் வேலையை வேகமாக்கும் குடா முறைக்கும், சிஎஸ்6 தான் ஏற்கும் கார்டுகளின் பெயர்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வைத்திருக்கும். அதில் நம் கார்டின் பெயரைச் சேர்ப்பது அந்தக் காலத்துக் கைவைத்தியம். இன்றைய கார்டுக்கு அதை நம்ப முடியாது. அது பலிக்காவிட்டால் எல்லாச் சுமையும் பிராசஸர் தலையில்.

போனில் எடுத்த எச்இவிசி திறக்காது. ஃபிரேம் வேகம் மாறிக்கொண்டே இருக்கும் வீடியோவில் ஒலி விலகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மாற்றி மென்பொருளில் எச்.264-ஆகவும் நிலையான ஃபிரேம் வேகத்துக்கும் மாற்றிக்கொண்டால் இரண்டும் தீரும். பல எம்ஓவி (.mov) ஃபைல்களுக்கு ஆப்பிளின் விண்டோஸ் குவிக்டைம் மென்பொருள் வேண்டும். ஆப்பிள் 2016-லேயே அதைக் கைவிட்டுவிட்டது, பாதுகாப்பு ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. நெட்டில் இருக்கும் மெஷினில் தயவுசெய்து போடாதீர்கள். அப்புறம், 4கே திரையில் பட்டன்கள் எறும்பளவு தெரியும். மென்பொருள் ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில், கம்பாட்டிபிலிட்டி டேபில் டிபிஐ ஸ்கேலிங்கை 'சிஸ்டம்' என்று மாற்றினால் பெரிதாகும், கொஞ்சம் மங்கலாக.

விர்ச்சுவல் மெஷின் எடிட்டிங்குக்கு ஆகாது. 16-பிட் இன்ஸ்டாலர் கொண்ட மிகப் பழைய மென்பொருளை 32-பிட் விண்டோஸில் எழுப்பி, ப்ராஜெக்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க மட்டும் உதவும். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச விர்ச்சுவல் மெஷின் மென்பொருளில், டேப் கேமராவை இணைக்கும் ஃபயர்வயர் கிடைக்காது, ஆகவே டேப்பிலிருந்து வீடியோவை எடுக்கவும் முடியாது.

டேப், பழைய ப்ராஜெக்ட் இரண்டுக்கும் என் ஓட்டு பழைய மெஷினுக்குத்தான். ஆப்பிளின் பழைய 32-பிட் எடிட்டிங் மென்பொருள் ஃபைனல் கட் ப்ரோ 7 என்றால் வேறு வழியே இல்லை. 2019-ல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவோடு மேக்கில் 32-பிட் மென்பொருள் முற்றிலும் நின்றுவிட்டது. நெட்டைத் துண்டித்து, ஹார்ட் டிஸ்க்கை இமேஜாக (முழு டிஸ்க்கும் அப்படியே ஒரு ஃபைலாக) நகல் எடுத்து வையுங்கள். ஃபார்மேட் மட்டும் செய்யாதீர்கள். அடோபி 2012 டிசம்பரில் சிஎஸ்2 என்ற பழைய பதிப்பின், உரிமத்தைச் சரிபார்க்கும் ஆக்டிவேஷன் சர்வரையே மூடியது; மறுபடி நிறுவும்போது பதில் சொல்ல அங்கே சர்வர் இல்லாமல் போகலாம்.

புதிய வேலைக்கு டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும், நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால். ஃபைனல் கட் 7-இன் எக்ஸ்எம்எல்லை (எந்தக் காட்சி எங்கே வெட்டப்பட்டது என்ற குறிப்பு ஃபைல்) அது படிக்கும். வெட்டுகள் வந்துசேரும், டைட்டில், பிளக்-இன் எஃபெக்ட் எல்லாம் பெரும்பாலும் வராது. அந்த எக்ஸ்எம்எல்லை எடுக்கவே பழைய மென்பொருள் ஓடியாக வேண்டும். ஆகவே பழைய மெஷினை யாருக்காவது கொடுக்கும் முன் ஒவ்வொரு ப்ராஜெக்டையும் எக்ஸ்எம்எல்லாகவும், கூடவே முழு வீடியோவாக ஒரு முறையும் எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள்.