காருக்கு ஏ.பி.ஆர்.எஸ்.: ரேடியோவா, லோராவா, செல்பேசியா?

ஏ.பி.ஆர்.எஸ். என்பது ஹாம்கள், அதாவது உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியாளர்கள், இருப்பிடத்தையும் சிறு தகவல்களையும் பகிர்ந்துகொள்ளும் முறை. அதில் ஓடும் காரின் இருப்பிடத்தை மற்ற ஹாம்களுக்குத் தெரிவிக்க மூன்று வழிகள் இருக்கின்றன: செல்பேசிச் செயலி, லோரா (குறைந்த திறனில் நெடுந்தூரம் தகவல் அனுப்பும் ரேடியோ நுட்பம்) பலகை, 2 மீட்டர் அலைநீளப் பட்டையில் இயங்கும் ஏ.பி.ஆர்.எஸ். ரேடியோ. விலை அதிகம் என்று தெரிந்தே நான் ரேடியோவை வாங்கினேன். யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன்.

செயலியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏபிஆர்எஸ்டிராய்டு என்ற ஆண்ட்ராய்டு செயலியை நிறுவி, உங்கள் நிலையத்தின் அடையாளமான அழைப்புக்குறியையும் கடவுஎண்ணையும் கொடுத்தால், சற்று நேரத்தில் இணைய வரைபடத்தில் கார் நகரத் தொடங்கிவிடும். ஆனால் தகவல் போவது செல்பேசி இணையத்தின் வழியாக. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் செல்பேசி ஊமையாகிப் போனதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஹாம்கள் மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் கைவிடும் வழி அது.

லோரா கெட்டிக்காரத் தொழில்நுட்பம். உள்ளங்கை அளவுப் பலகை, ஒரே ஒரு 18650 வகை ரீசார்ஜ் மின்கலம், 100 மில்லிவாட் திறன். இரைச்சலுக்குள் அமிழ்ந்து கிடக்கும் சிக்னலைக்கூடப் பிரித்தெடுத்துவிடும்; பிழைதிருத்தமும் உண்டு. 2 மீட்டர் ரேடியோ நொடிக்கு 1200 பிட் வேகத்தில் அனுப்பும் பழைய வகைப் பாக்கெட்டில் (ஒரே மூச்சில் அனுப்பும் தகவல் துணுக்கில்) ஒரு பிட் பிசகினாலும் முழுத் தகவலும் குப்பைக்குப் போகிறது. இந்த இடத்தில் லோராதான் மேல், மறுக்க மாட்டேன். ஆனால் ஐரோப்பாவில் பழகிப்போன 433.775 மெகாஹெர்ட்ஸில் பலகையை அப்படியே இங்கே ஓட்டக் கூடாது. இந்திய ஹாம்களுக்கான பட்டை 434இல் தொடங்கி 438இல் முடிகிறது. அலைவரிசையை மாற்றிக்கொள்ளலாம், பிறகு அதே அலைவரிசையில் கேட்க ஆள் வேண்டுமே.

எனக்கு முடிவைத் தந்தது இந்தக் கேள்விதான்: இணையம் இல்லாதபோது என்னை யார் கேட்பார்கள்?

ஏ.பி.ஆர்.எஸ்.ஸை உருவாக்கிய பாப் புரூனிங்கா, இதை வெறும் வாகனத் தடமறிதலாகப் பார்க்காதீர்கள் என்று கடைசிவரை வலியுறுத்தினார். சுற்றுவட்டாரத்தில் இப்போது என்ன நடக்கிறது என்பதை அங்கே இருப்பவர்கள் எல்லாரும் அறிந்துகொள்வதே அவர் நோக்கம். 2 மீட்டர் ரேடியோ அதை நேரடியாகச் செய்கிறது. முன்னால் போகும் நண்பரின் கார் ஒரு நொடிக்கும் குறைவாக 'கர்ர்' என்று ஒலிபரப்புகிறது. என் ரேடியோவின் திரையில் அவர் அழைப்புக்குறியும் தூரமும் திசையும் வந்து நிற்கின்றன. சர்வர் வேண்டாம், செல்கோபுரம் வேண்டாம். இடையில் மலை மறித்தால், குன்றின்மேல் ஒரு டிஜிபீட்டர் வைத்தால் போதும். அது கேட்டதைத் திருப்பிச் சொல்லும்.

லோராவிலும் இப்படிச் செய்யலாம். ஆனால் ஏ.பி.ஆர்.எஸ்.ஸுக்கு வழக்கமாக வைக்கும் அமைப்பில் வேகம் நொடிக்கு 300 பிட்டுக்கும் குறைவு. ஓர் இருப்பிடத் தகவல் போய் முடிய இரண்டு நொடி பிடிக்கிறது. பத்துப் பதினைந்து வண்டிகள் சேர்ந்து ஓடும்போது அவை அனுப்பும் தகவல்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொள்ளும் வாய்ப்பு கூடிவிடுகிறது. ஊருக்குள் மட்டுமே லோராவை ஓட்டியிருக்கிறேன். மலை உச்சியில் நல்ல பெறுநிலையம் இருந்தால் என் கணிப்பு மாறக்கூடும்.

ரேடியோவின் குறை மின்சாரமும் விலையும். 50 வாட்டில் அனுப்பினால் பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பாட்டரியிலிருந்து நேரே தடித்த ஒயர் போட வேண்டும். திருப்பங்களில் அடிக்கடியும் நேர்ச்சாலையில் எப்போதாவதும் அனுப்பும் 'ஸ்மார்ட் பீக்கனிங்' அமைப்பைப் போட்டுவிட்டால் அலைவரிசையும் நெரியாது.

புது ரேடியோவுக்குப் பணம் இல்லையென்றால், கையில் இருக்கும் 5 வாட் வாக்கி டாக்கியை ஆடியோ கேபிளால் செல்பேசியுடன் இணையுங்கள். அதே ஏபிஆர்எஸ்டிராய்டு இணையத்தைத் தொடாமல் ஒலியாகவே பாக்கெட்டை அனுப்பும். ஒலி வந்ததும் வாக்கி டாக்கியைத் தானாக அனுப்பவைக்கும் குரலுணர் சுவிட்ச் விழித்துக்கொள்ளச் சற்று நேரம் எடுக்கும் என்பதால், பாக்கெட்டுக்கு முன் ஒலிக்கும் தொடக்க ஒலியின் நீளத்தைச் செயலியில் கூட்டி வையுங்கள். இல்லையென்றால் தலை வெட்டுப்பட்ட பாக்கெட்டைத்தான் மற்றவர்கள் கேட்பார்கள்.