நாலு லைபோ, ஒரு ஹெட்லைட் பல்பு, இரண்டு வருஷம்

"அண்ணா, ரிமோட் பிளேன் வாங்கிட்டேன். பேட்டரி லைபோ வாங்கவா, லயன் வாங்கவா?" என்று போன வாரம் எங்கள் தெருத் தம்பி ஒருவன் கேட்டான். அன்று காலையில்தான் என் நாலு பேட்டரியில் இரண்டாவது உப்பிப்போய்க் கிடந்ததைப் பார்த்திருந்தேன். அந்த எரிச்சலில் ஏதாவது சொல்லி அவனைப் பயமுறுத்திவிடுவேனோ என்று, "எழுதி அனுப்புறேன்டா" என்று வந்துவிட்டேன்.

லைபோ என்றால் லித்தியம்-பாலிமர், லயன் என்றால் லித்தியம்-அயன். என்னிடம் இருப்பது 3எஸ் 2200 எம்ஏஎச் லைபோ, அதாவது மூன்று செல்லை வரிசையாக இணைத்தது, கொள்ளளவு 2200 மில்லிஆம்பியர்-மணி. ஒரு கிலோ ஃபோம் டிரெய்னரில் (பழகுவதற்கான பிளேன்) போடுகிறேன். ஒரு பேட்டரிக்குப் பத்து நிமிஷம் பறக்கலாம். பறக்கும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. கண்மாய்க் கரையில் நின்று திராட்டிலை முழுக்கத் தள்ளினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும் பாருங்கள், அந்த வேகத்துக்காகவே எதையும் மன்னிக்கலாம்.

மன்னிக்க முடியாதது ஒன்றுதான். இந்தச் சாமான் பறந்தால் கெடுவதில்லை, சும்மா இருந்தால்தான் கெடுகிறது. சனிக்கிழமை இரவு நாலையும் செல்லுக்கு 4.2 வோல்ட் வரை ஏற்றி வைப்பேன். ஞாயிறு விடிந்தால் மழை, இல்லாவிட்டால் யார் வீட்டிலாவது காதுகுத்து. ஏற்றியதை அப்படியே விட்டுவிட முடியாது. செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்கு இறக்கி வைக்க வேண்டும். முழு சார்ஜோடு நம் ஊர் வெயிலில் கிடந்தால் உள்ளே வாயு உண்டாகித் தலையணைபோல் வீங்கிவிடும். முதல் பேட்டரி அப்படித்தான் போனது. மே மாதம், பரண், இரண்டு வாரம்.

சரி, சார்ஜரிலேயே இறக்கும் வசதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 5 வாட்டில். ஒரு பேட்டரியில் ஏறக்குறைய 24 வாட்-மணி இருக்கும். பாதியை இறக்கவே இரண்டரை மணி நேரம் ஆகிறது. நாலுக்கும் பத்து மணி நேரம். பறக்காத ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தச் சார்ஜருக்குக் காவல் இருக்க வேண்டும்.

அப்புறம்தான் பைக் ஹெட்லைட் பல்பு யோசனை வந்தது. பழைய 35 வாட் ஹாலஜன் பல்பில், பேட்டரியைச் சொருகும் எக்ஸ்டி60 கனெக்டரைப் பற்றவைத்து, மொட்டைமாடித் தரையில் ஒரு ஓட்டுத் துண்டின் மேல் வைத்து எரியவிடுகிறேன். இருபது நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். "பட்டப்பகல்ல யாருக்குடா லைட்டு போட்டு வச்சிருக்க?" என்று அம்மா கேட்காத வாரம் இல்லை. ஒருநாள், வோல்டேஜ் குறைந்தால் கத்தும் பஸ்ஸரைச் சொருகாமல் போன் பேசப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பல்புக்குள் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. மூன்றாவது செல் 2.1 வோல்ட், இறங்கக்கூடாத அளவு. புதிதில் 6 மில்லிஓம் உள்தடை காட்டிய செல் பிறகு 19 காட்டியது. 20 ஆம்பியர் இழுத்தால் அந்த ஒரு செல்லிலேயே 0.38 வோல்ட் சூடாகப் போய்விடும். இரண்டாவதாக உப்பியது இதுதான். நியாயமாகப் பார்த்தால் என் தப்பு. ஆனால் ஒரு போன் பேசக்கூட விடாத சாமானை என்னவென்று சொல்வது?

மேலே ஒட்டியிருக்கும் "35சி" பற்றி ஒரு வார்த்தை. சி என்றால் கொள்ளளவைப்போல் எத்தனை மடங்கு மின்னோட்டம் என்று அர்த்தம். 2.2-ஐ 35-ஆல் பெருக்கினால் 77 ஆம்பியர் வருகிறது. அதோடு வரும் எக்ஸ்டி60 கனெக்டரே 60 ஆம்பியருக்குத்தான். அந்த எண்ணைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுக்காதே தம்பி.

லயனும் போட்டுப் பார்த்தேன். 18650 என்ற உருளைச் செல் மூன்று, 3000 எம்ஏஎச், செல்லுக்கு 48 கிராம். லைபோவைவிட எடை குறைவு, இருபது நிமிஷம் மிதக்கும். முழு சார்ஜில் வைத்தால் அதற்கும் ஆயுள் குறையும்தான், ஆனால் உப்பிக்கொண்டு நின்று பயமுறுத்தாது. எல்லாக் கணக்கிலும் லயன்தான் புத்திசாலி. ஆனால் அந்த செல் தருவது 15 ஆம்பியர். ஒரு லூப் போட்டேன், வோல்டேஜ் படுத்தது, லைபோ கணக்குக்கு வைத்திருந்த ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மோட்டாரை நிறுத்திவிட்டது. பிளேனைத் திருப்பும் சர்வோ மட்டும் வேலை செய்ததால் எப்படியோ சறுக்கி இறக்கினேன், சீமைக்கருவேலத்துக்குள். முள்ளெடுக்க அரை நாள். ஈஎஸ்சி கட்-ஆஃபை (மோட்டாரை நிறுத்தும் வோல்டேஜை) மாற்றியிருக்கலாம். மனசு வரவில்லை.

இத்தனையிலும் வாயே திறக்காதது கையில் பிடிக்கும் ரேடியோ ரிமோட்டில் இருக்கும் நாலு எனலூப் ஏஏ ரீசார்ஜ் பேட்டரி. 2019-இல் வாங்கியது. மழைக்காலத்தில் கண்மாய் நிறைந்து இரண்டு மாதம் தொடாமல் கிடந்தாலும் எடுத்துப் போட்டால் ரேடியோ எழுந்துகொள்ளும். பிளேனிலும் அதையே போட முடிந்தால் கோயில் கட்டியிருப்பேன். எடைக்கு ஆகாது.

ஆக, தம்பி, லைபோவே வாங்கு. நாலு வேண்டாம், இரண்டு போதும். சனிக்கிழமை இரவு ஏற்றாதே, ஞாயிறு காலை வானத்தைப் பார்த்துவிட்டு ஏற்று, 1சி-யில் ஒரு மணி நேரம்தான். பஸ்ஸரை மறக்காதே. பல்பு வேண்டுமானால் என்னிடம் இன்னொன்று இருக்கிறது.

நானும் நேற்றிரவு அதே 2200-இல் இரண்டு ஆர்டர் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை வருமாம். ஞாயிற்றுக்கிழமை மழை என்று காட்டுகிறது.