சிவப்பு வட்டு டைமர்: புதுசு போன பிறகும் ஏடிஎச்டிக்கு உதவுமா?

டைம் டைமர் என்பது 60 நிமிட முகப்பும் ஒரு சிவப்பு வட்டும் கொண்ட எளிய கருவி. வேண்டிய நிமிடம் வரை வட்டை இழுத்துவிட்டால், நேரம் போகப் போகச் சிவப்பு சுருங்கி மறையும். அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜேன் ரோஜர்ஸ் தன் சிறு மகளுக்காக உருவாக்கியது. 'இன்னும் நேரம் இருக்கு' என்கிற மயக்கத்தைக் கண்ணெதிரே கலைப்பதால் ஏடிஎச்டி (கவனத்தை நிலைநிறுத்துவதைக் கடினமாக்கும் மூளை வளர்ச்சிக் குறைபாடு) உள்ளவர்களின் அலுவலக மேஜைக்கு நன்றாகவே பொருந்துகிறது. போனில் டைமர் வைக்கப் போனால் முதலில் கண்ணில் படுவது வாட்ஸ்அப்தான்; வேலை அங்கேயே கைநழுவிவிடும்.

மானிட்டருக்குப் பக்கத்தில், தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணில் தெரியும்படி வையுங்கள். அலமாரிக்குப் போனால் அது இருப்பதே மறந்துபோகும்.

எடுத்த எடுப்பில் பொமோடோரோ முறைப்படி (25 நிமிட வேலை, பிறகு சின்ன இடைவேளை) 25 நிமிடம் வைப்பது பலர் செய்யும் தவறு. பெரும்பாலும் சிக்கல் தொடங்குவதில்தான். பிடிக்காத வேலைக்கு 10 நிமிடம் போதும். கூடவே ஒரு துண்டுச் சீட்டில் முதல் அசைவை எழுதுங்கள். "ஜிஎஸ்டி கணக்கு" என்று எழுதினால் கை நகராது. "மார்ச் பில் கோப்பைத் திற, முதல் 5 பில்லை எக்செலில் ஏற்று" என்றால் நகரும். பத்து நிமிடம் முடியும்போது வேலை ஓடிக்கொண்டிருந்தால் வட்டை 30க்கு இழுங்கள். எழுந்தே ஆக வேண்டுமென்றால், அடுத்துச் செய்ய வேண்டியதை ஒரு வரியில் குறித்துவிட்டு எழுங்கள். திரும்பி வந்து 'எங்கே விட்டோம்' என்று தேடும் இரண்டு நிமிடத்தில்தான் பல பிற்பகல்கள் தொலைகின்றன. இடைவேளைக்கும் வட்டு வேண்டும்: 5 நிமிடம், போன் இல்லாமல்.

நாள்பட்ட பயன்பாட்டில் பெரிய குறை, சில வாரங்களில் அது மேஜையோடு மேஜையாகிவிடும். கண் பார்க்கும், மனதில் பதியாது. ஏடிஎச்டி மூளை புதுமைக்குத்தான் சட்டென்று விழிக்கும்; இதைச் சோம்பல் என்று யாரும் தங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். டைமரை டிராயரில் போட்டுவிட்டு, இரண்டு வாரம் துணைக்கு ஆள் வைத்து வேலை பாருங்கள். சக ஊழியர் அருகில் அவர் வேலையைப் பார்த்தாலே போதும், பேச வேண்டியதில்லை. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கு, இன்னொருவரோடு இணைந்து அவரவர் வேலையைப் பார்க்க உதவும் ஃபோகஸ்மேட் இணையதளத்தில் 25, 50, 75 நிமிட வீடியோ அமர்வுகள் உண்டு. மறுமுனையில் ஒருவர் காத்திருக்கிறார் என்பதே நாற்காலிக்கு இழுத்துவரும். பிறகு டைமரை வெளியே எடுத்தால், சிவப்பு மறுபடி கண்ணில் உறைக்கும்.

மருத்துவர் சொல்லி, ஏடிஎச்டிக்கான, குறுகிய நேரம் வேலை செய்யும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை எடுப்பவர்களுக்கு அதன் பலன் ஏறக்குறைய 3 முதல் 4 மணி நேரம். கடினமான வேலைக்கான வட்டை அதற்குள் சுழற்றிவிடுங்கள். மின்னஞ்சல் அதன் பிறகு.